எழுத்து காக்கும், கழங்கு சொல்லும்

திருத்தணி மலையடிவாரக் கடைகளில் வேல், விபூதிப் பொட்டலம், சந்தன வில்லை, மயில்தோகை இவற்றோடு ஒரு செம்புத் தகடும் விற்பனைக்கு இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்த இரண்டு முக்கோணங்கள், அவற்றின் ஆறு முனைகளிலும் ச, ர, வ, ண, ப, வ என்று முனைக்கோர் எழுத்து, நடுவே ஓம். மெல்லிய தகடாக இருந்தால் அதைச் சுருட்டித் தாயத்துக் குப்பிக்குள் செருகி, வாயை அரக்கால் அடைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்துக் குழந்தையின் இடுப்பிலோ பெரியவரின் புஜத்திலோ கட்டிவிடுவார்கள். அடைத்த பிறகு அந்த எழுத்தை யாரும் பார்க்க முடியாது. மனிதர் படிப்பதற்காக எழுதப்படாத எழுத்து அது.

இதே மாதிரி எழுத்து வட ஐரோப்பாவிலும் உண்டு. டென்மார்க், நார்வே, ஸ்வீடன், ஜெர்மனி நாடுகளில் கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே புழங்கிய ரூன் எழுத்துகள் மரத்திலும் எலும்பிலும் கல்லிலும் செதுக்கப்பட்டவை. பழைய வரிசையில் 24 எழுத்துகள். பின்னால் வந்த வைக்கிங் கால வரிசையில் 16. அவற்றைக் கூழாங்கல்லில் பொறித்து, ஒரு துணிப்பையில் போட்டு, 'கையை விட்டு மூன்றை எடுங்கள், உங்கள் எதிர்காலம் சொல்கிறோம்' என்று விற்கும் வியாபாரம் இன்று உலகம் முழுக்க நடக்கிறது. டாரட் சீட்டு வந்த வழியில் ரூன் பையும் இந்திய நகரங்களுக்கு வந்துவிட்டது. பழங்காலத்து ஜெர்மானியர் உண்மையிலேயே இப்படிக் குறி பார்த்தார்களா? எழுத்து எதிர்காலம் சொல்லுமா? ஆறெழுத்து மந்திரத்தோடு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட தமிழருக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. நம் பக்கத்துச் சான்றுகளையும் அவர்கள் பக்கத்துச் சான்றுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் விடை தெளிவாகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரூன்கள் மந்திரத்துக்கென்றே பிறந்த எழுத்துகள் அல்ல. டென்மார்க்கின் விமோசே சதுப்பில் கிடைத்த ஒரு சீப்பில் 'ஹர்யா' என்று பொறித்திருக்கிறது. காலம் சுமார் கி.பி. 160. அது ஒரு பெயராக இருக்கலாம் என்பதே அறிஞர் பலரின் கருத்து. ஈட்டி முனைகளிலும் அணிகலன்களிலும் இப்படியே பெயர்கள். 2021இல் நார்வேயில் ஒரு புதைகுழியில் கிடைத்து, 2023இல் அறிவிக்கப்பட்ட ஸ்விங்கெருட் கல்தான் இப்போதைக்கு மிகப் பழைய ரூன் கல், காலம் கி.பி. 1க்கும் 250க்கும் இடையில். அதிலும் பெயர் போன்ற ஒரு சொல்லே தெரிகிறது. கீழடிப் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழி எழுத்தில் இருப்பதை நினைத்துக்கொள்ளலாம். எழுதத் தெரிந்தவுடன் மனிதன் செய்த முதல் வேலைகளில் ஒன்று தன் பொருளில் தன் பெயரைப் பொறித்தது.

குறி பார்த்ததற்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸை. கி.பி. 98 அளவில் எழுதிய 'ஜெர்மானியா' நூலின் 10ஆம் அத்தியாயத்தில் அவர் சொல்வது இது: கனி தரும் மரத்தின் கிளையை வெட்டித் துண்டுகளாக்குவார்கள். அவற்றில் சில அடையாளங்கள் இட்டு, வெள்ளைத் துணியின்மேல் கண்டபடி சிதறவிடுவார்கள். ஊர்க் காரியமானால் பூசாரி, வீட்டுக் காரியமானால் குடும்பத் தலைவர் வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டு மூன்று துண்டுகளை எடுத்து, அடையாளத்தைப் பார்த்துப் பலன் சொல்வார். அந்த அடையாளங்கள் ரூன் எழுத்துகள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவர் எழுதிய காலத்தில் ரூன்கள் இருந்தனவா என்பதே மயிரிழையில் தொங்கும் விஷயம். எழுத்தே அறியாத மக்களும் குச்சியில் ஒரு கீறல், இரண்டு கீறல் போட்டுச் சீட்டுக் குலுக்கலாம். ரூன் ஜோதிடத்தின் முழுக் கட்டடமும் நிற்பது இந்த ஒரு பத்தியின்மேல்தான். குறி பார்க்கப் பொறித்த எழுத்துத் துண்டு என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்றைத் தொல்லியல் இதுவரை தரவில்லை.

காவலுக்கு எழுதியதற்கோ சான்று ஏராளம். ஸ்வீடனின் ஸ்கோனே பகுதியில் 1840இல் சதுப்பு மண் வெட்டும்போது ஓர் எலும்புத் துண்டு கிடைத்தது. வெட்டியவரின் கருவி பட்டு அது இரண்டாகவும் போயிற்று. லிண்ட்ஹோல்ம் தாயத்து என்று இன்று அதற்குப் பெயர். ஒரு பக்கம் பொறித்தவர் தன்னைப் பற்றிச் சொல்லும் வாக்கியம். மறுபக்கத்தில் வாக்கியமே இல்லை. 'அ' ஒலி எழுத்து எட்டு முறை. பிறகு வேறு எழுத்து மும்மூன்றாக. இடையில் தனி எழுத்துகள். மறுபடி 'த' மூன்று முறை. கடைசியில் 'அலு' என்ற சொல். இந்த 'அலு' அக்காலப் பொன் பதக்கங்கள் பலவற்றிலும் வருகிறது. பொருள் என்னவென்பதில் அறிஞரிடையே சண்டை ஓயவில்லை. காவல் சொல் என்பதில் பெரிதும் உடன்படுகிறார்கள். நாம் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடுகிறோமே, அந்த இடத்தில் வைத்து அதைப் புரிந்துகொள்ளலாம்.

எழுத்தைத் திரும்பத் திரும்ப அடுக்குவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றினால், கந்த சஷ்டி கவசம் கேட்டு வளர்ந்தவர் அப்படி நினைக்க மாட்டார். 19ஆம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் பாடிய அந்தக் கவசத்தின் தொடக்கப் பகுதியில் ஆறெழுத்து மந்திரம் வரிசை மாறிச் சுழலும். ஒரே எழுத்து குறிலாகவும் உயிர் மாறியும் ஏழெட்டு முறை அடுக்கி வரும். சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் அது ஒலிக்கும்போது தமிழ்நாட்டில் பொருள் கேட்பவர் ஒருவரும் இல்லை. அந்த இடத்தில் பொருள் இல்லை, ஒலி இருக்கிறது என்பது கேட்பவருக்கே தெரியும். லிண்ட்ஹோல்ம் எலும்பை முதன்முதலில் படித்த ஐரோப்பிய அறிஞர்கள் திகைத்து நின்ற இடத்தை ஒரு திருத்தணிக் காவடிக்காரர் சுலபமாகத் தாண்டிப் போயிருப்பார்.

இன்னொரு பொருத்தம் இதைவிட ஆழமானது. ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் ஒரு கல்லறையில் இருந்த கில்வர் கல்லில், சுமார் கி.பி. 400இல், ரூன் நெடுங்கணக்கு முழுவதும் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. செத்தவருக்கு அரிச்சுவடி எதற்கு? பாம்பன் சுவாமிகள் 1891இல் பாடிய சண்முக கவசத்தைப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கும். மொத்தம் 30 பாட்டு. 12 உயிருக்கு 12, 18 மெய்க்கு 18. அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும். உடம்பின் உறுப்பு ஒவ்வொன்றையும், நாளின் பொழுது ஒவ்வொன்றையும் காக்கச் சொல்லும் பாட்டுக்கு மொழியின் எழுத்து ஒன்றுகூட விடுபடாமல் வேலியாக நிற்கிறது. எழுத்துகள் எல்லாம் வந்துவிட்டால் உலகில் சொல்லக்கூடியதெல்லாம் வந்துவிட்டது. எதுவும் வெளியே நிற்காது. கில்வர் கல்லைப் பொறித்தவர் இப்படித்தான் நினைத்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முழு நெடுங்கணக்கையும் காவலாக நிறுத்தும் எண்ணம் மனித மனத்துக்கு இயல்பானது என்பதற்கு நம்மிடம் எழுத்து வடிவில் சாட்சி இருக்கிறது.

ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம். அதைத் திருத்தணியே காட்டும். 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு இன்றும் தெலுங்கு பேசும் பக்தர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஆறெழுத்தைத் தெலுங்கு வடிவில் எழுதினாலும் தமிழ் வடிவில் எழுதினாலும் யாருக்கும் அதன் பலனில் சந்தேகமில்லை. நம் மரபில் எழுத்தின் உயிர் ஒலியில் இருக்கிறது, கோட்டில் இல்லை. ரூனில் கோடுதான் எல்லாம்: செதுக்குவது, செதுக்கியதில் நிறம் பூசுவது, சுரண்டி எடுப்பது என்று அவர்கள் கதைகள் முழுக்கக் கத்தியும் மரமுமாக இருக்கின்றன.

எழுத்தைக் காவலுக்குப் பயன்படுத்தியவர்கள் கேட்டுக்கும் பயன்படுத்தத் தயங்கவில்லை. ஸ்வீடனின் பியோர்கெடோர்ப் கல், தன்னை உடைப்பவனுக்கு நேரும் சாவைச் சொல்லிச் சபிக்கிறது. நம் பக்கம், திருமூலரின் திருமந்திரம் நான்காம் தந்திரத்தில் சக்கரங்கள் வரிசையாக வருகின்றன. அங்கே தம்பனத்துக்கு, அதாவது எதிரியைச் செயலற்று நிற்க வைப்பதற்கு, செய்முறையே இருக்கிறது: அரசம்பலகை, அதன்மேல் மகர எழுத்தை முன்வைத்து எழுதிய ஓலை, ஓலைக்கு மெழுகுப் பூச்சு, விளக்குச் சுடரில் வெதுப்பல். மாரணம், அதாவது கொல்லும் மந்திரம், வரைக்கும் பட்டியல் போகிறது. சிவஞானம் பேசும் நூலில் இது ஏன் என்று சங்கடப்பட்டு உட்பொருள் காண்பவர்கள் உண்டு. இன்ன மரம், இன்ன எழுத்து, இன்ன பூச்சு என்ற அந்தக் கறார்த்தனம் ஐஸ்லாந்துக் கதைகளிலும் அப்படியே இருக்கிறது என்பது மட்டும் இங்கே கவனிக்க வேண்டியது.

ஆக, எழுத்து காத்தது, தாக்கியது. எதிர்காலம் சொன்னதா? இதற்குத் தமிழ்ச் சான்று தெளிவாக விடை சொல்கிறது: அந்த வேலை எழுத்துக்குத் தரப்படவில்லை.

சங்க காலத்தில் குறி பார்க்க இரண்டு வழிகள் பெயரோடு தெரிகின்றன. கட்டு, கழங்கு என்று தொல்காப்பியமே குறிக்கிறது. மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது, உறக்கமில்லை. தாய் கட்டுவிச்சியை அழைக்கிறாள். உரைகாரர்கள் தரும் விளக்கப்படி, அவள் முறத்தில் நெல்லைப் பரப்பி நந்நான்காக எண்ணிக் கழிப்பாள். மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ மூன்றோ ஆனால் முருகு அணங்கியது. நான்கானால் வேறு நோய். நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு முருகனுக்கே என்பதைக் கணக்குத் தெரிந்தவர் கவனிக்கலாம். அடுத்து முருகன் பூசாரியான வேலன் வருவான். கழற்சிக்காயைப் போட்டுப் பார்ப்பான். களம் இழைத்து, மறி அறுத்து, தினை தூவி, கையில் வேலோடு வெறியாட்டு ஆடுவான். நெல், காய், ஆட்டம் எல்லாம் இருக்கின்றன. எழுத்து மட்டும் இல்லை.

அன்று தொடங்கிய இந்த வழக்கம் உருமாறி இன்றும் எழுத்தில்லாமலேதான் ஓடுகிறது. குறத்தி கைரேகை பார்க்கிறாள். கிளி எடுத்துத் தருவது சாமி படம். முடிவெடுக்கத் தெரியாத குடும்பம் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே மடித்துச் சந்நிதியில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்கிறது. காங்கேயம் அருகே சிவன்மலை முருகன் கோயிலில் உத்தரவுப் பெட்டி என்றே ஒன்று இருக்கிறது. ஒரு பக்தர் தன் கனவில் ஆண்டவன் காட்டிய பொருளைச் சொல்வார். பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும். அடுத்தவர் கனவு வரும்வரை இருக்கும். மண், தண்ணீர், துப்பாக்கி என்று எதெதுவோ வந்திருக்கிறது. நாட்டு நடப்பை அதோடு பொருத்திப் பேசுவது கொங்கு மக்களுக்குப் பழக்கம்.

விதிவிலக்குகள் இருக்கின்றன. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறையில், தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். டாசிட்டஸ் சொன்ன குறியிட்ட மரத்துண்டுக்கு நம் மண்ணில் மிக அருகில் வரும் காட்சி இது. ஆனால் தேடியது எதிர்காலத்தை அல்ல, வாரிய உறுப்பினரை. சைவ மரபில் திருமுறை ஏட்டுக்கட்டில் கயிறு சாத்திப் பார்ப்பது உண்டு. கயிறு விழுந்த ஏட்டில் வரும் பாட்டே இறைவன் வாக்கு. மதுரையில் அனல்வாதத்துக்குத் திருஞானசம்பந்தர் எடுத்த திருநள்ளாற்றுப் பதிகம் அவ்வாறு கிடைத்ததாகவே அடியார்கள் கொள்கிறார்கள். வடநாட்டில் துளசிதாசரின் ராமாயணப் பதிப்புகளில் வரும் ராமசலாகா இன்னும் நுட்பமானது: 15க்கு 15 என 225 கட்டங்கள், கட்டத்துக்கோர் எழுத்து, கண்ணை மூடி ஒன்றைத் தொட்டு அதிலிருந்து ஒன்பதாவது எழுத்தாகப் பொறுக்கிக்கொண்டே போனால் ஒரு சௌபாய்ப் பாட்டு முழுதாக உருவாகும். இங்கெல்லாம் பலன் சொல்வது தனியெழுத்து அல்ல, எழுத்துகள் சேர்ந்த பாட்டு. 'இந்த எழுத்து வந்தால் பயணம், அந்த எழுத்து வந்தால் செல்வம்' என்ற ரூன் பைக்குச் சமமான ஒன்று பழந்தமிழ் நூல்களில் கண்ணில் படவில்லை.

குறியை முதலில் சந்தேகித்தவர்கள் நவீனப் பகுத்தறிவாளர்கள் அல்லர் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வேலனின் கழங்கு தப்பாகச் சொல்கிறது என்பதே சங்க அகப்பாடல்களில் வெறியாட்டின் சாரம். மகளின் மெலிவுக்குக் காரணம் மலைநாட்டுக் காதலன், முருகன் அல்ல. நற்றிணை 34ஆம் பாட்டில் தோழி முருகனையே நேரே பார்த்து, இந்த நோய் உன்னால் வந்ததல்ல என்று தெரிந்தும் அழைத்தார்களே என்று வந்து நிற்கிறாயே, கடவுளானாலும் அறியாமை உடையவன்தான் நீ என்கிறாள். அகநானூறு 22இல், வெறிபாடிய காமக்கண்ணியார், வேலன் ஆடிய அன்றிரவே காதலன் வர, மெலிவு நீங்கிய தலைவி வீணாக உழைத்த வேலனை நினைத்துச் சிரிப்பதைப் பாடுகிறார். வள்ளியை மணந்தவன் குடிகொண்ட தணிகை மலையை வணங்கும் சமூகத்தின் மிகப் பழைய கவிதைகளிலேயே இந்தத் துணிவு இருந்திருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட எகில் கதையில் கிட்டத்தட்ட இதே பெண் வருகிறாள். ஹெல்கா என்ற இளம்பெண் நோயில் கிடக்கிறாள். எகில் அவள் படுக்கையைச் சோதித்து, ரூன் பொறித்த திமிங்கல எலும்பு ஒன்றைக் கண்டெடுக்கிறான். அவளை விரும்பிய பக்கத்து விவசாயியின் மகன் ஆசை மந்திரமாகச் செதுக்கி வைத்தது. எழுத்துகளைத் தப்பாகச் செதுக்கியதால் அவள் நோய் முற்றிவிட்டது. எகில் அதைச் சுரண்டித் தீயில் இட்டு, வேறு பொறித்துத் தலையணைக்கு அடியில் வைக்க, அவள் தேறுகிறாள். படிக்கத் தெரியாதவன் ரூன் பொறிக்காதிருக்கட்டும் என்று அவன் பாட்டுக் கட்டுகிறான். இரு நாட்டுப் புலவர்களும் பழித்தது அரைகுறை அறிவோடு பிறர் உடம்பில் கைவைப்பவனை.

பின்னாளில் வந்த அதிகாரங்களுக்கு இந்த நுணுக்கம் இல்லை. ஐஸ்லாந்தில் 17ஆம் நூற்றாண்டில் மாந்திரீகக் குற்றத்துக்காகச் சுமார் இருபது பேர், பெரும்பாலும் ஆண்கள், உயிரோடு எரிக்கப்பட்டார்கள். 1625இல் எரிக்கப்பட்ட யோன் ரோக்ன்வால்ட்சன்மீது காட்டப்பட்ட சான்று ரூன் எழுதிய ஒரு தாள். நம் நாட்டில் 1871இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்து, குறவர் சமூகப் பிரிவுகளைப் பிறவிக் குற்றவாளிகள் ஆக்கியது. மலைமேல் குறமகள் வள்ளிக்குக் கல்யாண உற்சவம். கீழே அவள் குலத்தார் காவல் நிலையத்தில் கைரேகை வைத்துக்கொண்டிருந்தார்கள். குறி சொன்ன பெண்ணின் வருமானம் சில காசும் ஒரு படி அரிசியும். இந்த அநியாயத்தைப் பற்றி நம் பக்தி இலக்கிய மேடைகள் இன்னும் போதுமான அளவு பேசவில்லை.

இன்றைய ரூன் ஜோதிடம் எங்கிருந்து வந்தது? ஆஸ்திரியாவின் கைடோ ஃபான் லிஸ்ட் 1902இல் கண்புரை அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் பார்வையின்றி இருந்தபோது அகக்கண்ணில் ரகசியம் விளங்கியதாகச் சொல்லி, 1908இல் 'ரூன்களின் ரகசியம்' என்ற நூலை வெளியிட்டார். அவருடைய வரிசையில் 18 எழுத்துகள். பழைய 24உம் அல்ல, 16உம் அல்ல. பழம்பாட்டு ஒன்றில் வரும் 18 மந்திரங்களுக்குப் பொருந்த அவரே அமைத்தது. அதில் ஆரிய இனப்பெருமையும் கலந்திருந்தது. ஹிட்லரின் எஸ்.எஸ். படை இரட்டை மின்னல் போன்ற ரூனைச் சட்டையில் அணிந்தது. ஜெர்மனியில் அதைப் பொதுவில் காட்டுவது இன்று குற்றம். அமெரிக்கரான ரால்ஃப் ப்ளம் 1982இல் ரூன் நூலைக் கற்களோடு சேர்த்து விற்றார். 24 எழுத்தோடு எதுவுமே பொறிக்காத ஒரு வெற்றுக் கல்லையும் சேர்த்தார். பழைய மரபில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. இன்று கடைகளில் கிடைக்கும் 25 கல் பையின் பாரம்பரியம் இவ்வளவுதான். ரூன்கள் இன்னும் நேர்மையாக வாழும் இடம் கைப்பேசி: 10ஆம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்ட் ப்ளூடூத் பெயரின் முதலெழுத்து ரூன்கள் இரண்டும் இணைந்ததுதான் ப்ளூடூத் சின்னம்.

மூவாயிரம் ஆண்டு மரபு என்று சொல்லி ரூன் கல்லை நீட்டுபவரிடம் தமிழ் வாசகர் இதைக் கேட்கலாம்: எந்தக் கல்வெட்டில், எந்த நூலில்? அதே கேள்வியை நம் ஊர்த் தகட்டு வியாபாரத்திலும் கேட்க வேண்டும். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டம் தாயத்து, மந்திரம், கவசம் மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நோய் தீர்க்கும் என்று அவற்றை விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. பக்தியை அந்தச் சட்டம் தொடவில்லை. 1923 டிசம்பரில் சென்னையில் குதிரை வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த பாம்பன் சுவாமிகளைச் சேர்த்தது அரசுப் பொது மருத்துவமனையில். அங்கே அவர் சிகிச்சையில் இருந்த நாட்களில்தான் அடியார் சண்முக கவசம் பாராயணம் செய்தார்கள். கவசம் பாடுகிறவர்கள் பாடட்டும். தகடு கட்டுகிறவர்கள் கட்டட்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாயத்தை அவிழ்க்க வேண்டியதில்லை, அதோடேயே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.